சங்கீதம் 46 "கர்த்தர் நம்மோடிருக்கிறார்" என்கிறது. ஆனால் கஷ்டத்தில் அவர் கூட இருப்பதை உணரவே முடியவில்லையே, ஏன்?

உணர முடியவில்லை என்பதால் அவர் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதலில் அந்தச் சங்கீதத்தை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள், மொத்தமே 11 வசனம்தான். மனசுக்குள் நிம்மதி வந்தது என்று அதில் ஓரிடத்திலும் இல்லை. பூமி நிலைமாறுகிறது, மலைகள் கடலுக்குள் சாய்கின்றன, ராஜ்யங்கள் தத்தளிக்கின்றன. இத்தனை களேபரத்துக்கும் இடையில்தான் "தேவன் அதின் நடுவில் இருக்கிறார், அது அசையாது" என்று வருகிறது. அங்கே சொல்லப்படுவது ஒரு நகரம், ஜனங்கள் கூடி வாழும் ஊர். சங்கீதம் முழுக்கத் தேடினாலும் எந்த மனுஷனும் தனக்காக மட்டும் பேசுவதில்லை. நமக்கு அடைக்கலம், நாம் பயப்படோம், நம்மோடிருக்கிறார், இப்படியேதான் போகிறது.

"நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்" என்ற 10ஆம் வசனம் புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையாகப் பலர் கைக்கு வரும். உடனே கதவைச் சாத்தி, கண்ணை மூடி உட்காருவதாக எடுத்துக்கொள்கிறோம். அதற்கு முந்தின வசனத்தில் வில் ஒடிகிறது, ஈட்டி முறிகிறது, இரதங்கள் எரிகின்றன. சண்டைக்கு நிற்கும் ஜாதிகளை அதட்டி உட்கார வைக்கும் குரலாகவே எனக்கு அது கேட்கிறது. ஆகையால் ஜெபத்தில் உட்கார்ந்தும் மனசு அடங்கவில்லையே என்று உங்களை நீங்களே குற்றப்படுத்திக்கொள்ள வேண்டாம்.

நான் அதிகம் நிற்பது 4ஆம் வசனத்தில். "ஒரு நதியுண்டு, அதின் நீர்க்கால்கள் தேவனுடைய நகரத்தை... சந்தோஷிப்பிக்கும்." எருசலேம் மலைமேல் இருக்கும் ஊர். காவிரி மாதிரி ஆறு எதுவும் அங்கே ஓடவில்லை. பள்ளத்தாக்கில் கீகோன் என்று ஓர் ஊற்று, அவ்வளவுதான். அசீரியப் படை கி.மு. 701இல் நெருங்கி வந்த காலத்தில் எருசலேமை ஆண்ட எசேக்கியா ராஜா அந்தத் தண்ணீரை நகரத்துக்குள் திருப்பியதாக வேதம் சொல்கிறது. அங்கே பாறையைக் குடைந்த சுரங்கக் கால்வாய் ஒன்று இன்றும் இருக்கிறது, ஏறக்குறைய 533 மீட்டர் நீளம். இரு பக்கமிருந்தும் குடைந்து வந்தவர்கள் நடுவில் சந்தித்ததைச் சொல்லும் கல்வெட்டு 1880இல் அதற்குள் கிடைத்தது. அந்த முற்றுகையோடு இந்தச் சங்கீதத்தைச் சேர்த்து வாசிப்பவர்கள் உண்டு, நானும் அப்படித்தான் வாசிக்கிறேன். வெளியே கடல் மாதிரி இரைச்சல், உள்ளே சத்தமில்லாமல் ஓடும் ஒரு நீர்க்கால்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடை, அதாவது காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். முதலில் வருவது தண்ணீர் மாதிரியே இருக்காது. சருகும் நுரையும் வேப்பங்கொட்டையுமாக ஒரு அழுக்குக் கோடு மெல்ல நகர்ந்து வரும், கணுக்கால்கூட நனையாது. ஆனாலும் அது மேட்டூர்த் தண்ணீர்தான். மேலே இருக்கிறவர்கள் மடையை அடைத்து வைத்தாலோ, வாய்க்கால் தூர்ந்து கிடந்தாலோ அதுவும் வராது. தேவனுடைய பிரசன்னமும் அநேகமாக எனக்கு அப்படித்தான், பலர் கை வழியாக வந்திருக்கிறது.

2018 நவம்பர் 16, கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய ராத்திரி வீட்டில் இந்தச் சங்கீதத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னோம். எனக்குப் பயத்தைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை. ஓடுகள் பறக்கிற சத்தத்தில் பக்கத்தில் இருந்த அம்மாவின் குரலே கேட்கவில்லை. விடிந்து பார்த்தால் கொல்லைத் தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. மாரியம்மன் கோயில் தெரு அக்கா ஒருவர், தன் வீட்டுக் கூரையே போயிருந்த நிலையில், தூக்குவாளியில் கஞ்சியோடு மரங்களைத் தாண்டித் தாண்டி வந்தார். "முதல்ல புள்ளைங்களுக்கு ஊத்து தம்பி, மத்ததை அப்புறம் பாக்கலாம்" என்றார். "அதிகாலையில் தேவன் அதற்குச் சகாயம்பண்ணுவார்" என்பது 5ஆம் வசனம். அந்தக் கஞ்சி தேவன் அனுப்பிய சகாயம் என்று முழு மனதோடு விசுவாசிக்கிறேன். அந்த அக்காவின் சாமி வேறு. அதனால் என் விசுவாசம் குறையவில்லை.

மரம் விழாது என்று இந்தச் சங்கீதம் வாக்குக் கொடுக்கவில்லை. ஒரு தென்னை திரும்பக் காய்க்க எத்தனை வருஷம் ஆகும் என்பது டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும். அந்த இழப்பை வசனம் சொல்லி மூடப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? தனியாக வாசிப்பதைக் கொஞ்ச நாள் விட்டு, வீட்டாரோடோ சபையில் ஒருவரோடோ சேர்ந்து சத்தமாக வாசியுங்கள். 7ஆம் வசனமும் 11ஆம் வசனமும் ஒரே வசனம்தான், அது வரும்போது எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள். கத்தோலிக்கராக இருந்தால் திருப்பாடல் 46 என்று பாருங்கள். நெஞ்சு அடைத்து இது வாய்க்கு வராத நாளும் இருக்கும். அன்றைக்கு 88ஆம் சங்கீதத்தை எடுங்கள். 46ஐப் போலவே அதுவும் ஆலயப் பாடகரான கோராகின் புத்திரர் பெயரில் இருப்பதுதான். கடைசி வரி வரைக்கும் அதில் ஆறுதல் கிடையாது, ஆனாலும் முதல் வார்த்தையிலிருந்து கர்த்தரிடம்தான் பேசுகிறது.