மாமா என்னை மதிக்கலையா? – அக்கா பதில்கள்

கேள்வி: அக்கா, நான் கல்யாணமாகி பெஸ்தாரி ஜெயாவுக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. மாமனார் செம்பனை எண்ணெய் மில்லுல முப்பது வருஷம் வேலை செஞ்சு ரிட்டையர் ஆனவரு. அடுப்படியில இருந்து "மாமா, பசியாற வாங்க"ன்னு கூப்பிட்டா திரும்பிக்கூட பாக்க மாட்டாரு. ஆனா அவரு மவன் ஒரு வாட்டி "பா"ன்னா போதும், உடனே "என்னடா"ங்கிறாரு. நான் பேச ஆரம்பிச்சா டிவி சத்தத்தை வேற கூட்டுறாரு. வீட்டுக்காரர்கிட்ட சொன்னா "அப்பா எடத்துல இருந்து யோசிச்சுப் பாரு"ங்கிறாரு. யோசிச்சா நகை கம்மியா கொண்டாந்தேன்னு இருக்குமோ, வேற தோட்டத்துப் பொண்ணுன்னு இருக்குமோன்னுதான் தோணுது, கோபம் இன்னும் ஏறுது. இப்பல்லாம் நானும் தட்டை டொக்குன்னு வச்சிட்டு வந்துடுறேன்.
– பெயர் வேண்டாம்

பதில்: தங்கச்சி, செம்பனை மில்லுல முப்பது வருஷம்னு எழுதுன எடத்துலயே நான் நின்னுட்டேன்மா. அந்த மில்லுக்குள்ள பாய்லர், டர்பைன், பழத்தைப் பிழியிற மெஷின், கொட்டை உடைக்கிற மெஷின்னு எல்லாம் ஒண்ணா ஓடுறப்ப பக்கத்துல நிக்கிற ஆளுக்கே காதுகிட்ட வந்து கத்தணும். நம்ம மலேசியாவுல 1989ல வந்த விதிப்படி எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரைக்கும் சத்தம் இருக்கலாம்னு இருந்துச்சு, 2019லதான் அதை 85ன்னு குறைச்சாங்க. உன் மாமனாரு உழைச்ச காலத்துல பெரும்பகுதி பழைய கணக்குலதான் போயிருக்கும்.

அப்படி சத்தத்துல வருஷக்கணக்கா நின்னவங்களுக்கு காது ஒரேயடியா அடைச்சிடாது, மெல்லிசான கீச்சுக் குரல் கேக்குற பக்கம்தான் முதல்ல போகும், அதனால பொம்பளைங்க பேசுறதும் புள்ளைங்க பேசுறதும் சரியா விழாது, ஆம்பளை கனத்த குரல்ல கூப்பிட்டா மட்டும் நல்லா கேக்கும். இப்ப உன் வீட்டை நெனச்சுப் பாரு. நீ அடுப்புப் பக்கம் திரும்பி நின்னு, வாணலி சத்தத்துக்கு நடுவுல, அவரு முதுகைப் பாத்து கூப்பிடுற. புருஷன் முன்னாடி வந்து நின்னு "பா"ங்கிறாரு. டிவி சத்தத்தைக் கூட்டுறது உன் பேச்சை அமுக்கன்னு நீ நெனைக்கிற, அவருக்கு டிவியே கேக்காம போயிருக்கலாம்ல?

காதுதான் காரணம்னு நான் அடிச்சு சொல்லல, எனக்கும் அவரைத் தெரியாது. நீ நகைன்னு நெனச்சே, நான் காதுன்னு நெனக்கிறேன், ரெண்டும் ஊகம்தான். நம்ம ஊருல எல்லாரும் "அவங்க எடத்துல இருந்து யோசி"ன்னு சொல்லிட்டுப் போயிடுறாங்க, ஆனா அடுத்தவங்க மண்டைக்குள்ள போய் உக்காந்தாலும் நாம எடுத்துட்டுப் போறது நம்ம பயத்தைத்தானே. 2018ல தால் எயால், மேரி ஸ்டெஃபெல், நிக்கோலஸ் எப்லின்னு மூணு பேரு 25 ஆய்வு செஞ்சு வெளியிட்டாங்க. அடுத்தவங்க எடத்துல தன்னை வச்சு கற்பனை பண்ணிப் பாத்தவங்க ஊகம் ஒண்ணும் கூடுதலா சரியா வரல, நேரா பேசிக் கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டவங்களுக்குத்தான் சரியா வந்துச்சு. உன் வீட்டுக்காரர் சொன்னது நல்ல மனசுல சொன்னது, ஆனா பாதிதான் சொல்லியிருக்காரு.

அதனால கேளும்மா. டிவியை குறைச்சிட்டு, அவரு கண்ணுக்கு நேரா உக்காந்து, கத்தாம நிதானமா, "மாமா, நான் பின்னாடி இருந்து கூப்பிட்டா உங்களுக்கு கேக்குதா?"ன்னு கேளு. காது போனதை ஒத்துக்க பெரியவங்களுக்கு கூச்சமா இருக்கும், "அதெல்லாம் நல்லாத்தான் கேக்குது"ன்னு முதல்ல சொல்லலாம், நீ விட்டுடாத. மவனை விட்டு அரசாங்க கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போகச் சொல்லு, அங்கிருந்து லெட்டர் வாங்கி பெரிய ஆஸ்பத்திரியில காது டெஸ்ட் எடுக்கலாம். தொழிலாளர் காப்புறுதி பாக்குற சொக்சோவோட பட்டியல்ல வேலை எடத்து சத்தத்தால வர்ற காது இழப்பும் தொழில் நோயாத்தான் இருக்கு, அதையும் விசாரிக்கச் சொல்லு.

இன்னொண்ணு, நீ கூப்பிட்டது அவருக்கு கேக்கலன்னே வச்சிக்குவோம், அப்ப அவரு பாக்குறது என்ன? மருமவ ஒரு வார்த்தை பேசாம வந்து தட்டை டொக்குன்னு வச்சிட்டுப் போறா. இந்த ரெண்டு வருஷமா அந்த மனுசனும் உன்னைப் பத்தி என்ன ஊகம் பண்ணி வச்சிருக்காரோ, அதையும் சேத்துக் கேட்டுடு.

கேள்வி: தைப்பூசத்துக்கு பத்துமலை போற வழியில என் தம்பி மோட்டார்ல இருந்து விழுந்து கிடந்தான். கோயில் குழு வேன் ஒண்ணு பாத்துட்டே நிக்காம போச்சு. இவங்களுக்கெல்லாம் பக்தி ஒரு கேடா?
– வாசகர், ஈஜோக்

பதில்: தம்பிக்கு இப்ப பரவாயில்லையாப்பா? நிக்காம போனது தப்பு, அதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்ல. ஆனா பக்தி பொய்யின்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி இதைக் கேளு. 1973ல ஜான் டார்லி, டேனியல் பேட்சன்னு ரெண்டு பேரு அமெரிக்காவுல பிரின்ஸ்டன்ல பாதிரியார் படிப்பு படிக்கிற 40 பேரை வச்சு ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. பக்கத்து கட்டடத்துக்குப் போய் பேசணும்னு அனுப்புனாங்க, போற வழியில ஒருத்தர் சுருண்டு கிடந்து இருமிக்கிட்டிருந்தாரு. நேரம் இருக்குன்னு அனுப்புனவங்கள்ல 63 சதவீதம் உதவுனாங்க, சரியான நேரத்துக்குப் போகணும்னவங்கள்ல 45, "லேட்டாயிடுச்சு, ஓடு"ன்னு அனுப்புனவங்கள்ல 10 சதவீதம்தான். அதுல பாதிப்பேரு பேசப் போனதே வழியில அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவுன பைபிள் கதையைப் பத்தி, அதனாலகூட பெருசா வித்தியாசம் வரல. காவடி எடுக்குற நேரம் தவறிடும்னு பறந்த டிரைவரும் அந்த "ஓடு"ன்னு அனுப்புன கூட்டம் மாதிரி அவசரத்துல மாட்டிக்கிட்டவரா இருக்கலாம்னு எனக்குத் தோணுது. குழுத் தலைவரை நேர்ல பாத்து நடந்ததைச் சொல்லுப்பா, திட்டுறதுக்கு இல்ல. அடுத்த வருஷம் ஒரு மணி நேரம் முன்னாடியே வேனைக் கிளப்புங்க, பின்னாடி வர்றதுக்கு ரெண்டு பையன்களை மோட்டார்ல போடுங்கன்னு கேளு.

கேள்வி: குடிச்சிட்டு அடிக்கிற புருஷனையும் இப்படி வேற கோணத்துல பாக்கணுமா அக்கா?
– பெயர், ஊர் வேண்டாம்

பதில்: வேண்டாம்மா. மேல ரெண்டு பேருக்கும் நான் சொன்னது உனக்குப் பொருந்தாது. அவரு ஏன் குடிக்கிறாருன்னு கண்டுபிடிக்கிறது உன் வேலை இல்ல, நீயும் புள்ளைங்களும் பத்திரமா இருக்குறதுதான் முதல் வேலை. 15999, அது தாலியான் காசேங்கிற அரசாங்க உதவி நம்பர், 24 மணி நேரமும் எடுப்பாங்க, வேற பேர்ல போன்ல பதிஞ்சு வச்சிக்க. 1994 குடும்ப வன்முறை சட்டத்தை 2017ல திருத்துனதுல அவசர பாதுகாப்பு ஆணைன்னு ஒண்ணு வந்திருக்கு, கோர்ட்டுக்குப் போகாமலே சமூகநல இலாகா அதிகாரி கொடுக்கலாம், 7 நாள் செல்லும். அந்த 7 நாளுக்குள்ள போலீஸ் ரிப்போர்ட்டு, அடுத்த ஆணைக்கு மனு, தங்குற எடம் எல்லாத்துக்கும் அவங்களையே வழி கேளு. உடனே ஆபத்துன்னா 999. எனக்கும் மறுபடி எழுது, பேர் போடாம பதில் சொல்றேன்.