வைக்கோலுக்கு அடியில் இருப்பதை நேர்காணலில் காட்டச் சொல்லுங்கள்

வணக்கம் அம்மா. "பையன் லிஃப்ட் மெக்கானிக் ஆகப் போறேங்கறான், சொந்தக்காரங்களுக்கு என்ன பதில் சொல்றது?" என்று ஹாங்காங்கிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். சொந்தக்காரர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அங்கே கான்டனீஸில் 'வோ கோன் கம் ஜன் ஜூ' என்பார்கள். வைக்கோல் மூடிய முத்து. கசங்கிய பனியனும் ரப்பர் செருப்புமாகத் திரிகிறவர் பெயரில் நாலு ஃபிளாட் இருப்பது தெரியவந்தால் இப்படித்தான் சொல்வார்கள். பணத்தை வைத்துச் சொன்னாலும் திறமைக்கும் பொருந்தும். அதற்காக, மார்க் குறைந்த பிள்ளைகள் எல்லாருமே ஒளிந்திருக்கும் மேதைகள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

உங்கள் மகன் விஷயம் வேறு. வாஷிங் மெஷினைக் கழற்றிய படம் அனுப்பியிருந்தீர்களே, அதில் ஒவ்வொரு ஒயரிலும் பிளாஸ்டர் துண்டு ஒட்டி எண் போட்டிருக்கிறான். நோட்டில் வரைந்த சர்க்யூட்டிலும் அதே எண்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் இந்த ஒழுங்கு வருவது அபூர்வம்.

லிஃப்ட் வேலை எடுபிடி வேலையும் இல்லை. 2012 டிசம்பரில் அமலுக்கு வந்த சட்டப்படி, பதிவு பெற்றவரோ அவருடைய நேரடி மேற்பார்வையில் இருப்பவரோதான் லிஃப்டில் கை வைக்கலாம். அடுக்குமாடிகளே ஊராக இருக்கும் இடத்தில் இந்தப் பதிவுக்கு மதிப்பு உண்டு. தொழிற்பயிற்சிக் கவுன்சில் வழியாக, சம்பளம் வாங்கிக்கொண்டே படிக்கும் அப்ரன்டிஸ் வழிகளும் இருக்கின்றன.

டிஎஸ்இ என்னும் பள்ளி இறுதித் தேர்வை மட்டும் விட்டுவிடச் சொல்லாதீர்கள். நேரே பட்டப்படிப்புக்குச் சீனத்திலும் ஆங்கிலத்திலும் நிலை 3, கணிதத்தில் 2, குடியுரிமைப் பாடத்தில் தேர்ச்சி என்பது கட்டாயப் பாடங்களுக்கான பொதுவான வரம்பு. அவனுக்குச் சீனம்தான் இடிக்கிறது. உயர் டிப்ளமாவுக்கு இரு மொழிகளையும் சேர்த்து ஐந்து பாடங்களில் நிலை 2 போதும். பின்னாளில் இன்ஜினியரிங் படிக்க நினைத்தால் அந்த டிப்ளமா கைகொடுக்கும். சீனத்துக்கு மாற்றாக எந்தத் தகுதியை ஏற்பார்கள் என்று ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். பொதுவாகச் சொல்வதை நம்பி விண்ணப்பிக்க வேண்டாம்.

முத்தை மூடி வைப்பது பணக்காரருக்குச் சரி, வேலை தேடுகிறவனுக்கு ஆகாது. நேர்காணலில் "வீட்டில் சும்மா ரிப்பேர் பண்ணுவேன்" என்று தலை குனிந்தால் அவர்கள் அடுத்த பையனைக் கூப்பிட்டுவிடுவார்கள். அந்த நோட்டை எடுத்துப் போகட்டும். எந்த ஒயர் ஏன் எங்கே போகிறது என்று இரண்டு நிமிடம் கான்டனீஸிலேயே விளக்கப் பழகட்டும். சைட்டில் சீனியர் பேசுவது அந்த மொழிதான். எழுதத் தடுமாறினாலும் பேச வரும் என்கிறீர்கள், அதனால் இந்த வாரமே ஆரம்பிக்கலாம்.