கேள்வி பதில்: அரிமா சங்கத்தில் என்னதான் வேலை?

திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் அரிமா சங்கத்தில் (லயன்ஸ் கிளப்) 22 ஆண்டுகளாக இருக்கிறேன். மூன்று முறை செயலாளர், ஒரு முறை பொருளாளர். தலைவர் பதவியை மட்டும் இதுவரை தட்டிக்கழித்துவிட்டேன். தொண்டு செய்ய ஆசை, சங்கத்தில் சேரலாமா என்று கேட்டு வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அரிமா, ரோட்டரி எல்லாம் வசதியானவர்கள் கூடிச் சாப்பிட்டு, ஒருவருக்கொருவர் சால்வை போர்த்திக்கொள்ளும் இடம்தானே? (தனியார் நிறுவன ஊழியர், ஈரோடு)

சாப்பாடும் உண்டு, சால்வையும் உண்டு. பதவியேற்பு விழாவில் முதல் ஒரு மணி நேரம் சால்வையிலேயே போய்விடும். என் பீரோவில் சேர்ந்தவற்றை ஒரு மார்கழியில் கோயில் வாசலில் இருப்பவர்களுக்குக் கொடுத்தேன். ஒரு பாட்டி தடவிப் பார்த்துவிட்டு, "இது குளிருக்கு ஆகாது சாமி" என்று திருப்பித் தந்துவிட்டார்.

வியாபாரிகள் கூட்டம் என்பது பிறவியிலேயே வந்தது. 1905இல் பால் ஹாரிஸ் ரோட்டரியைத் தொடங்கியதும் சிகாகோவில்தான். 1917இல் காப்பீட்டுத் தொழிலில் இருந்த மெல்வின் ஜோன்ஸ், வியாபாரச் சங்கங்கள் தங்கள் லாபத்தைத் தாண்டி ஊருக்கு என்ன செய்யலாம் என்று கேட்டு அரிமா இயக்கத்துக்கு வழிவகுத்ததும் அங்கேதான். அதில் ஒரு வசதியும் இருக்கிறது. மண்டபக்காரர், அச்சகக்காரர், மருந்துக்கடைக்காரர், வேன் வைத்திருப்பவர் எல்லோரும் ஒரே மேஜையில் உட்காருவதால், ஒரு முகாமுக்கு வேண்டிய ஏற்பாடு நான்கு தொலைபேசி அழைப்புகளில் முடிந்துவிடுகிறது.

ஐயா, என்னிடம் பணம் இல்லை. கண் சிகிச்சை முகாமில் உதவ விரும்புகிறேன். எனக்கு என்ன வேலை கொடுப்பீர்கள்? (கல்லூரி மாணவி, மதுரை)

வாருங்கள் அம்மா, எங்களுக்கு வேண்டியதே உங்களைப் போன்றவர்கள்தான். 30 வயது வரை அரிமாக்களின் இளைஞர் அமைப்பான லியோ சங்கத்தில் சேரலாம். சேராமலும் முகாமுக்கு வரலாம்.

அரிமாக்கள் கண்ணைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், பார்வையும் செவித்திறனும் இல்லாத அமெரிக்க எழுத்தாளர் ஹெலன் கெல்லர். 1925இல் அமெரிக்காவின் ஓஹையோவில் நடந்த அரிமா மாநாட்டுக்கு வந்து, பார்வையற்றோருக்காகப் போராட வாருங்கள் என்று அழைத்தார். உங்கள் ஊரிலேயே 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. மருத்துவர்களும் அறுவை சிகிச்சையும் மருத்துவமனையின் பொறுப்பு. இடம், விளம்பரம், ஆட்களைத் திரட்டுவது உள்ளூர்க்காரர்கள் பொறுப்பு. இந்தப் பங்கீட்டில்தான் இத்தனை முகாம்கள் நடக்கின்றன. முன்பெல்லாம் பள்ளிக்கூட வகுப்பறையிலேயே அறுவை சிகிச்சை நடந்ததுண்டு. தொற்று அபாயம் கருதி இப்போது முகாமில் பரிசோதனை மட்டும்; கண்புரை உள்ளவர்களைப் பஸ்ஸில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்புகிறோம்.

அந்தப் பஸ்ஸில் ஏற்றுவதுதான் உங்கள் வேலை. டோக்கன் கொடுப்பதை யாரும் செய்வார்கள். "ஆபரேஷன்" என்ற சொல் காதில் விழுந்ததும், "வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று நழுவுகிறவரின் பக்கத்தில் போய் உட்கார ஆள் வேண்டும். ஒரு முகாமில் எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா, எந்தக் கண் என்று அடையாளத்துக்கு நெற்றியில் ஒட்டிய பிளாஸ்டரோடு, பஸ் படிக்கட்டில் ஒரு காலை வைத்துவிட்டு இறங்கிவிட்டார். பயமா என்று கேட்டால் இல்லை என்கிறார். செலவா என்றால் அதுவும் இல்லை. எங்கள் லியோ பெண் ஒருத்தி அரை மணி நேரம் பேச்சுக் கொடுத்ததில் விஷயம் வெளியே வந்தது: வீட்டில் இரண்டு ஆடுகள், தண்ணீர் காட்ட ஆள் இல்லை. அவர் திரும்பி வரும்வரை அந்த ஆடுகளுக்குக் குழை ஒடித்துப் போட்டதும் அந்தப் பெண்தான். சங்க அறிக்கையில் "பயனாளிகள்" என்ற கட்டத்தில் ஒரு எண் ஏறியது. ஆடுகளுக்கென்று கட்டம் இல்லை.

எங்கள் பள்ளிக்கு ஒரு சங்கம் கழிப்பறை கட்டிக் கொடுத்தது. கல்வெட்டு பளபளவென்று இருக்கிறது. கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது. ஏன் இப்படி? (ஓய்வு பெற்ற ஆசிரியர், கரூர்)

ஐயா, நாங்களும் இதே தவற்றைச் செய்திருக்கிறோம். கட்டினோம், ரிப்பன் வெட்டினோம். மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் இல்லை, சுத்தம் செய்கிறவருக்குச் சம்பளம் யார் தருவது என்று பேசவில்லை. ஆறு மாதத்தில் பூட்டு தொங்கியது.

காரணம் நாள்காட்டியில் இருக்கிறது. சங்க ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும், ஆண்டுக்கொரு தலைவர். ஒவ்வொருவருக்கும் தன் பெயரில் ஒரு கல்வெட்டு வேண்டும். முந்தைய தலைவர் கட்டியதற்குக் குழாய் மாற்றிக் கொடுத்தால் யார் சால்வை போர்த்துவார்கள்?

ரோட்டரியிலும் இதே ஓராண்டுக் கணக்குதான். ஆனாலும் 1985இல் போலியோ ஒழிப்பை எடுத்தவர்கள், எத்தனை தலைவர்கள் மாறியும் விடவில்லை. இந்தியாவின் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்து ஹவுராவில் கண்டறியப்பட்ட குழந்தை; 2014 மார்ச்சில் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய வட்டாரத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. அரசும் சுகாதாரப் பணியாளர்களும் முதுகு ஒடிய உழைத்த வேலை அது, சங்கங்கள் மட்டும் செய்ததில்லை. ஆனால் விடாமல் கூடவே நின்றார்கள். இப்போது எங்கள் சங்கத்தில் புதிதாக எதைக் கட்டுவதென்றாலும், மூன்று ஆண்டுப் பராமரிப்புப் பணத்தை முதலில் தனியே எடுத்துவைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். கல்வெட்டுகள் குறைந்துவிட்டன.

நான் கொடுக்கும் நன்கொடை சாப்பாட்டுக்குப் போகாது என்று என்ன உறுதி? வரிவிலக்கு உண்டா? (கடை உரிமையாளர், பழனி)

உறுப்பினர் சந்தா ஒரு கணக்கு, பொதுமக்களிடம் திரட்டிய பணம் இன்னொரு கணக்கு. இரண்டாவதிலிருந்து சங்கத்தின் சாப்பாட்டுக்கு ஒரு ரூபாயும் எடுக்கக்கூடாது என்பது அரிமா இயக்கத்தின் விதி. "இரண்டு கணக்கையும் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பொருளாளர் முகம் மாறினால் பர்ஸை உள்ளே வைத்துவிடுங்கள். வரிவிலக்கு வேண்டுமானால், அதற்கான பதிவு உள்ள அறக்கட்டளையின் பெயரில் கொடுக்க வேண்டும். சும்மா சங்கத்தின் பெயரில் கொடுத்தால் கிடைக்காது. ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் விலக்கில்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் இல்லை.

பெண்கள் உறுப்பினராகலாமா, அல்லது "அரிமாவின் துணைவியார்" மட்டும்தானா? (இல்லத்தரசி, தேனி)

1987 முதல் அரிமா இயக்கத்திலும், 1989 முதல் ரோட்டரியிலும் பெண்கள் முழு உறுப்பினர்கள். தாராளமாகச் சேருங்கள் அம்மா. முதல் கூட்டத்தில் வரவேற்புத் தட்டையும் குத்துவிளக்கையும் உங்கள் கையில் கொடுப்பார்கள். வாங்காதீர்கள், கணக்குப் புத்தகத்தைக் கேளுங்கள்.

அப்பா கண்தானம் செய்ய ஆசைப்படுகிறார். சர்க்கரை நோய் இருக்கிறது, கண்புரை அறுவை சிகிச்சையும் ஆகிவிட்டது. முடியுமா? (அஞ்சல் ஊழியர், நத்தம்)

முடியும். சர்க்கரை, கண்ணாடி, கண்புரை அறுவை சிகிச்சை எதுவும் தடையில்லை, வயதும் தடையில்லை. உறுதிமொழிப் படிவம் நிரப்பாவிட்டாலும் குடும்பத்தார் சம்மதித்தால் போதும். உயிர் பிரிந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால், முதலில் கண் வங்கிக்கோ எங்களைப் போன்ற சங்கத்துக்கோ சொல்லிவிடுங்கள். மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி வையுங்கள். கண் வங்கிக்காரர்கள் வந்தபின் அரை மணி நேரம்கூட ஆகாது. முகத்தில் மாற்றம் தெரியாது. துக்க வீட்டில் இதை நினைவூட்ட நெருங்கிய உறவினரால் பெரும்பாலும் முடிவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

அழைப்பிதழில் பெயருக்குப் பின்னால் "எம்ஜேஎஃப்" என்று போடுகிறார்களே, என்ன பட்டம் அது? (பலர்)

மெல்வின் ஜோன்ஸ் ஃபெலோ. அரிமா பன்னாட்டு அறக்கட்டளைக்கு ஆயிரம் டாலர் நன்கொடைக்கான அங்கீகாரம். டாக்டர் பட்டம் என்று நினைத்து என்னிடம் மாத்திரை கேட்டவர்கள் உண்டு.

சேர்ந்தால் எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? (வங்கி ஊழியர், ஒட்டன்சத்திரம்)

எங்கள் சங்கத்தில் மாதம் இரண்டு கூட்டம், ஒரு முகாம். உடனே சந்தா கட்டாதீர்கள். விருந்தினராக இரண்டு கூட்டங்களுக்கு வந்து பாருங்கள். கூட்டத்தைவிட முகாமுக்கு முந்தைய இரவு நல்லது. வகுப்பறை பெஞ்சுகளை வெளியே தூக்கிப் போடும்போது யார் வருகிறார், யார் தொலைபேசியை எடுப்பதில்லை என்பது தெரிந்துவிடும். எங்களுக்கு அடுத்தது இரண்டாம் ஞாயிறு. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு வந்தால் போதும், பெஞ்சுகள் மொத்தம் நாற்பது.