மயோர்காவில் சைக்கிள் வாடகை: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்?

கேள்வி: ஏப்ரலில் நண்பர்கள் நான்கு பேர் ஸ்பெயினின் மயோர்கா தீவுக்குப் போய் ஒரு வாரம் சைக்கிள் ஓட்டப் போகிறோம். வாடகைக் கடை ஒன்றில் இரண்டு விலை சொல்கிறார்கள். எலக்ட்ரானிக் கியர் வைத்த கார்பன் சைக்கிள் வாரத்துக்கு 290 யூரோ. சாதாரண கேபிள் கியர் வைத்த அலுமினிய சைக்கிள் 150 யூரோ. அங்குள்ள சா கலோப்ரா மலைச்சாலையில் ஏற வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. கூடுதலாக 140 யூரோ கொடுப்பது வீணா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: எடையை மட்டும் நினைத்துக் கொடுத்தால் வீண்தான். இரண்டு சைக்கிளுக்கும் ஒன்றரை கிலோ வித்தியாசம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் சைக்கிளும் தண்ணீர் பாட்டிலும் சேர்ந்து 85 கிலோ என்றால், அது இரண்டு சதவீதம் கூட இல்லை. கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது வேறு: "பின்சக்கரத்தில் இருக்கிற பெரிய பல்சக்கரத்துக்கு எத்தனை பல்?"

சா கலோப்ரா சாலையை மனதில் வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். கடல்மட்டத்திலிருந்து 682 மீட்டர் உயரத்தில் இருக்கிற ரெய்ஸ் கணவாய் வரை 9.5 கிலோமீட்டர் ஏற்றம், சராசரியாக 7 சதவீத சாய்வு, 26 கொண்டை ஊசி வளைவுகள். அந்தோனியோ பரியெத்தி என்ற பொறியாளர் 1932-இல் அமைத்த சாலை இது. ஓரிடத்தில் சாலை முக்கால் வட்டம் சுற்றித் தன் அடியிலேயே நுழைந்து போகும். அதை 'டை முடிச்சு' என்கிறார்கள்.

பெடலோடு சேர்ந்த முன் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் 34 பல் இருந்தால், பெடலை ஒரு சுற்று மிதித்ததும் சக்கரமும் ஒரு சுற்று சுற்றும். அதாவது சுமார் 2.1 மீட்டர் நகர்வீர்கள். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு ஏழரை கிலோமீட்டர். பின்னால் 28 பல்தான் என்றால், அதே 60 சுற்றுக்கு மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் போயாக வேண்டும். அந்த ஒன்றரை கிலோமீட்டரைத் தொடை கொடுக்க முடியாதபோது மிதிக்கும் வேகம் விழுந்து, முட்டி வலிக்க ஆரம்பிக்கும். ஆகவே 34 பல் வைத்த அலுமினிய சைக்கிள், 28 பல் வைத்த கார்பனைவிட உங்களுக்கு ஆயிரம் மடங்கு மேல். இரண்டிலும் 34 இருந்தால் அடுத்துப் பிரேக்கைப் பாருங்கள். ஏனென்றால் கீழே கடலோரத்தில் இருக்கிற சா கலோப்ரா ஊருக்குப் போகிற சாலை அது ஒன்றுதான். முதலில் இறங்கி, பிறகு அதே வழியில் ஏற வேண்டும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்குக்காகக் கூடுதல் பணம் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். எலக்ட்ரானிக் கியருக்காக என்றால் நான் கொடுக்கமாட்டேன்.

பிரேக்கில் இன்னொரு விஷயம். நம் ஊரில் வலது கை லீவர் முன்சக்கரத்துக்கு, இடது கை பின்சக்கரத்துக்கு. ஸ்பெயினில் நேர்மாறு. பழக்கத்தில் இடது கையை இறுக்கிப் பிடித்தால் முன்சக்கரம் நின்றுவிடும். மாற்றித் தர முடியுமா என்று முன்பதிவின்போதே எழுதிக் கேளுங்கள். பிரிட்டனிலிருந்து வருபவர்களுக்கும் இதே பழக்கம்தான் என்பதால் அங்குள்ள கடைகளுக்கு இது புதிய கோரிக்கை இல்லை. மாற்ற மறுத்தால், முதல் நாளை மலைக்குப் போகாமல் சமவெளியில் கழியுங்கள். சாலையில் வலதுபக்கமாகப் போகவும் பழக வேண்டுமே.

சைஸ் விஷயத்தில் உயரத்தை மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். வீட்டில் ஓட்டும் சைக்கிளில் சீட்டின் உயரத்தையும், சீட் முனையிலிருந்து ஹேண்டில்பார் வரை உள்ள தூரத்தையும் டேப் வைத்து அளந்து அனுப்புங்கள். சொந்தப் பெடலும் ஷூவும் கொண்டுபோவது நல்லது. ஹெல்மெட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினில் ஊருக்கு வெளியே ஹெல்மெட் கட்டாயம்.

கேள்வி: ஆன்லைனில் முன்பதிவு செய்தால் 14 நாளுக்குள் ரத்து செய்து முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்ளலாம் என்று நண்பர் சொல்கிறார். சரியா?
— வாசகர், லண்டன்

பதில்: இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 14 நாள் விதி, குறிப்பிட்ட தேதிக்கு என்று பதிவு செய்யும் ஹோட்டல் அறைக்கும் பொழுதுபோக்குச் சேவைகளுக்கும் பொருந்தாது. கடையின் சொந்த ரத்து விதி என்ன சொல்கிறதோ அதுதான். பணம் கட்டும் முன் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: போன மே மாதம் அல்குதியா பக்கம் ஒரு கடையில் சைக்கிள் எடுத்தேன். திருப்பிக் கொடுத்தபோது ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து, ஃபிரேமில் கீறல் என்று என் கார்டிலிருந்து 180 யூரோ எடுத்துவிட்டார்கள். சேத இன்சூரன்ஸும் கட்டியிருந்தேன்.
— வாசகர், பாரிஸ்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. முதலில் கடைக்கு எழுத்து மூலம் கேளுங்கள்: கீறலின் படம், அது எடுத்த தேதி, பழுது பார்த்த பில். இன்சூரன்ஸ் தாளில் என்ன விலக்கு போட்டிருக்கிறது என்பதையும் படியுங்கள். ஓட்டும்போது விழுந்தால் பணம் உண்டு, திருட்டுக்குக் கிடையாது, பூட்டாமல் விட்டால் கிடையாது என்று பலவிதமாக எழுதியிருப்பார்கள். பதில் வரவில்லை என்றால் உங்கள் வங்கியில் கார்டு பற்று குறித்து ஆட்சேபம் பதியுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள், அதற்குக் காலக்கெடு உண்டு. நீங்கள் பிரான்சில் வசிப்பதால் ஐரோப்பிய நுகர்வோர் மையத்திலும் இலவசமாகப் புகார் தரலாம். வேறு நாட்டுக் கடைமேல் வரும் புகார்களுக்காகவே இருக்கிற அமைப்பு அது.

இனிப் போகிறவர்களுக்கு: ஸ்பெயினில் கடைகள் 'ஓஹா டி ரெக்லமாசியோன்' என்ற புகார்ப் படிவத்தை வைத்திருக்க வேண்டும், கேட்டால் கொடுக்க வேண்டும். தகராறு வந்தால் அந்த இடத்திலேயே அந்தப் படிவத்தைக் கேளுங்கள். கேட்ட மாத்திரத்திலேயே பல விஷயம் சுமுகமாக முடிந்துவிடும். சைக்கிளை எடுக்கும்போதும் விடும்போதும் கடை வாசலில் வைத்தே ஒரு நிமிட வீடியோ எடுத்துவிடுங்கள். கியர் தொங்குகிற பின்பக்கமும், ஃபிரேமின் அடிப்பக்கமும், இரண்டு சக்கர விளிம்பும் தெளிவாகத் தெரிய வேண்டும். டெபாசிட் பிடிக்கும்போது மெஷின் உங்கள் ஊர்ப் பணத்திலா யூரோவிலா என்று கேட்டால், யூரோவைத் தேர்ந்தெடுங்கள். அந்த மெஷின் போடும் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்கு நஷ்டம்.

கேள்வி: கணவர் மலை ஏறுவார். எனக்குச் சமவெளியில் 40, 50 கிலோமீட்டர் ஓட்டத்தான் பழக்கம். எனக்கு மின்சார சைக்கிள்தான் வழியா? மலை இல்லாமல் அங்கே பார்க்க என்ன இருக்கிறது?
— வாசகி, சென்னை

பதில்: என்ன இருக்கிறதா? எனக்கு அந்தத் தீவில் பிடித்ததே அந்தச் சமவெளிதான். திரமுன்தானா மலைத்தொடர் வடமேற்குக் கரையோரமாக நிற்கிறது. 2011 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, படங்களில் எல்லாம் அதுதான் வரும். தீவின் நடுவில் 'பிளா' என்கிற விவசாய நிலம் இருப்பதைப் பலர் விமானத்திலிருந்து பார்ப்பதோடு சரி.

சாந்து பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய சுவர்கள் இரண்டு பக்கமும் வர, நடுவில் ஒரு கார் மட்டும் போகிற அகலத்தில் தார்ச்சாலை. சுவருக்கு அந்தப்பக்கம் பாதாம் மரங்கள், அத்தி, புளியங்காய் மாதிரி கருத்த காய் தொங்கும் கரோப் மரங்கள். மரத்தடியில் கழுத்து மணியோடு ஆடுகள். முதலில் மணிச் சத்தம்தான் கேட்கும், ஆடு அப்புறம்தான் தெரியும். பாதாம் பூப்பது ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. இப்போது மரங்கள் குறைந்து வருகின்றன. 2016-இல் தீவில் கண்டறியப்பட்ட சைலெல்லா என்ற பாக்டீரியா பாதாம் மரங்களைப் பட்டுப்போக வைக்கிறது. சாம்பல் நிறத்தில் நிற்கும் தோப்புகளையும் வழியில் பார்ப்பீர்கள். மனது கஷ்டப்படும்.

புதன்கிழமை என்றால் சினெவ் சந்தைக்குப் போகிற மாதிரி வழியை அமையுங்கள். காய்கறியோடு ஆடு, கோழியும் விற்கிற பழைய சந்தை. அங்கிருந்து பெத்ரா பக்கம்தான். கலிபோர்னியாவில் கிறிஸ்தவ மிஷன்களைத் தொடங்கிய ஹுனிபெரோ செரா 1713-இல் பிறந்த ஊர். அதன் சதுக்கத்தில் மதிய நேரத்தில் மனிதர்களைவிடச் சைக்கிள்கள் அதிகம் இருப்பதுபோலத் தோன்றும். வடக்கே சா போப்லா, உருளைக்கிழங்கு விளையும் ஊர். கிணற்றுத் தண்ணீர் இறைத்த பழைய காற்றாலைகள் வயல் நடுவே நிற்கும்.

இந்த வழிகளுக்கு மின்சார சைக்கிள் தேவையே இல்லை. 28 மில்லிமீட்டர் டயர் போட்ட சாதாரண அலுமினிய சைக்கிள் போதும். கணவரோடு ஒருநாள் லியூக் மடம் வரை ஏறிப் பார்க்க ஆசை என்றால், அந்த ஒரு நாளுக்கு மட்டும் மின்சார சைக்கிள் எடுங்கள். வாரம் முழுவதும் அதற்கு வாடகை கட்ட வேண்டாம். தங்குகிற ஊரையும் இதை வைத்தே முடிவு செய்யுங்கள். அல்குதியா பக்கம் தங்கினால் அவருக்கு மலையும் உங்களுக்கு வயலும் கிட்டத்தில். மேற்கே சோயெரில் தங்கினால் ஊரைவிட்டு எந்தப்பக்கம் போனாலும் பெரும்பாலும் ஏற்றம்தான். தீவின் தலைநகரான பால்மாவுக்குப் போகிற சுரங்கச் சாலையில் சைக்கிளுக்கு அனுமதியும் இல்லை.

கேள்வி: ஹோட்டலுக்கு முழுப் பணமும் கட்டியாகிவிட்டது. அங்கே போனதும் தனியாக வரி கேட்பார்களாமே?
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: கேட்பார்கள், ஏமாற்று இல்லை. மயோர்காவும் சேர்ந்த பலேரிக் தீவுகளில் 2016 முதல் உள்ள சுற்றுலா வரி அது. ஹோட்டலின் தரத்தைப் பொறுத்து, ஆளுக்கு, இரவுக்கு என்று கணக்கு. 16 வயதுக்குக் கீழே கிடையாது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை கணிசமாகக் குறைவு. ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் சுத்த சைவம். நடுவழியில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?
— வாசகர், மதுரை

பதில்: எல்லாரும் வாங்கித் தருகிற 'என்சைமாதா' என்ற சுருள் ரொட்டியைத் தொடாதீர்கள். இனிப்பாக, வெண்ணெய் போட்டதுபோல இருக்கும், ஆனால் அதன் பெயரிலேயே இருக்கிற 'சைம்' என்பது பன்றிக்கொழுப்பு. 'பா அம் ஓலி' கேளுங்கள். நாட்டு ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருவார்கள். மேலே பன்றி இறைச்சி வைப்பது வழக்கம் என்பதால், சீஸ் மட்டும் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மதியம் கிராமத்துக் கடைகள் சில மணி நேரம் மூடிக்கிடக்கும். காலையிலேயே இரண்டு வாழைப்பழத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.