தம்பிக்கு இ.எஸ்.ஐ. பணம் வந்தது, எனக்கு ஏன் இல்லை?

கேள்வி: பல்லடம் பக்கத்தில் எட்டு விசைத்தறி வைத்துக் கூலிக்கு நெய்து கொடுக்கிறோம். எனக்கு வயது 43. நானும் மனைவியும் ஓட்டுகிறோம், கூட ஒரு ஆள். கரண்ட் பில், ஆள் கூலி போக மாதம் 30,000 நிற்கும். போன ஆடியில் மஞ்சள் காமாலை வந்து ஏழு வாரம் படுத்துவிட்டேன். 60,000 ரூபாயை இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கித்தான் சமாளித்தோம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் தம்பிக்கு இதே மாதிரி ஆனபோது இ.எஸ்.ஐ.யில் பணம் வந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு அரசாங்கத்தில் எதுவும் இல்லையா? அக்கா மகள் சீருக்காக அடகு வைத்த மனைவியின் ஏழு பவுன் இன்னும் மீளவில்லை. தை மாதம் அக்காவின் இரண்டாவது மகளுக்கும் சீர் இருக்கிறது. மாதம் 5,000 கட்டினால் சேமிப்பு, காப்பீடு, ஆஸ்பத்திரியில் இருக்கும் நாளுக்குப் பணம் எல்லாம் ஒரே பாலிசியில் கிடைக்கும் என்கிறார் ஏஜென்ட். எடுக்கலாமா?

பதில்: பாலிசி வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் தம்பி விஷயம்.

அவர் சம்பளம் 18,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் 0.75 சதவீதம், அதாவது 135 ரூபாய், இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு மாதாமாதம் பிடித்தமாகிறது. கம்பெனி 3.25 சதவீதம், 585 ரூபாய் போடுகிறது. ஆக 720 ரூபாய், அவர் நன்றாக இருக்கும் மாதங்களிலும் போய்க்கொண்டே இருக்கிறது. நோய் வந்தால் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஒரு நாளைக்கு 420 ரூபாய். முதல் இரண்டு நாள் கழிந்தால் ஏழு வாரத்துக்கு ஏறக்குறைய 20,000. இது தொழிலாளிக்கான ஏற்பாடு. முதலாளியும் தொழிலாளியும் நீங்களே என்பதால் உங்களுக்கு அதில் இடமில்லை. விசைத்தறித் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. உங்களிடம் வேலை செய்பவரைக் கட்டாயம் பதிவு செய்ய வையுங்கள். ஆனால் அங்கே கிடைப்பது விபத்து, மரணம், பிள்ளைகள் படிப்பு, 60 வயதில் ஓய்வூதியம் போன்றவை. படுத்திருக்கும் வாரங்களுக்குக் கூலி அதில் வராது.

தம்பி கதையில் இன்னொன்றையும் பாருங்கள். அந்த 720 ரூபாய் அவர் கைக்கே வருவதில்லை. கைக்கு வராத பணத்தை யாரும் கேட்க முடியாது. உங்களிடம் இல்லாதது அந்தப் பூட்டுதான்.

நீங்கள் அனுப்பிய அடகுச் சீட்டின் நகலைப் பார்த்தேன். சீருக்காக வாங்கியது 1,50,000. ஒரு வருடம் வட்டி மட்டும் கட்டியிருக்கிறீர்கள், அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. வருடம் முடிந்து மாற்றி வைத்த அன்று கடன் 2,20,000 ஆகிவிட்டது. பக்கத்தில் “மச்சான் வண்டிக்கு” என்று எழுதியிருக்கிறீர்கள். பவுன் விலை ஏறியதால் அதே நகைக்குக் கூடுதலாகத் தந்தார்கள், நீங்களும் வாங்கி மச்சானிடம் கொடுத்துவிட்டீர்கள். இந்தப் பழக்கம்தான் உங்களைக் கெடுக்கிறது. மஞ்சள் காமாலை வந்தபோது அவசரத்துக்கு வைக்க வீட்டில் நகை இல்லை, அதனால்தான் இரண்டு ரூபாய் வட்டிக்குப் போனீர்கள்.

இப்போது நகைக்கடனுக்கு மாதம் 2,200 வட்டி, கைக்கடனுக்கு 1,200. மொத்தம் 3,400. பதினெட்டு மாதம் இதைத் தனியாக வைத்திருந்தால் 61,200. ஏழு வாரத்துக்கு நீங்கள் கடன் வாங்கிய தொகை அப்படியே அதில் இருக்கிறது.

ஆகவே நகையில் ஒரு பகுதியை விற்றுவிடுங்கள். இன்றைய விலையில் நான்கு பவுனுக்குள் 2,80,000 கடனும் தீர்ந்து, மூன்று பவுனாவது வீட்டுக்கு வரும். நகை உங்கள் மனைவியுடையது, முடிவும் அவருடையதுதான். உட்கார்ந்து கணக்கைக் காட்டிக் கேளுங்கள். வட்டிக்கே இதுவரை ஏறக்குறைய 40,000 போய்விட்டது என்பதையும் சொல்லுங்கள். கடன் தீர்ந்த மாதத்திலிருந்து அதே 3,400 ரூபாயை அவர் பெயரில் ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போடுங்கள். உங்கள் பெயரில் வேண்டாம். அக்கா கேட்டால் நீங்கள் இல்லை என்று சொல்லமாட்டீர்கள் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. 60,000 சேர்ந்ததும் அதை டெபாசிட்டாக மாற்றுங்கள். நீங்கள் படுத்தால் மட்டுமே அது உடைய வேண்டும்.

சரி, அந்தப் பாலிசி. நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தது நான்கு நாள், மீதி ஆறு வாரம் வீட்டில். நாள் பணம் என்பது ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கும் நாட்களுக்குத்தான், பெரும்பாலும் முதல் நாளைக் கழித்துவிடுவார்கள். நாளுக்கு 1,000 என்றாலும் உங்களுக்கு 3,000தான் வந்திருக்கும். அதற்கு வருடம் 60,000 கட்டுவதா? தறி நிற்கும் வருடத்தில் அந்தத் தவணையையும் கட்ட முடியாமல் போனால் கட்டியதிலும் ஒரு பகுதி போய்விடலாம். எல்லாம் ஒன்றில் கிடைக்கும் என்று விற்கப்படும் எதையும் கூலித்தொழில் செய்பவர்கள் தொடாமல் இருப்பதே நல்லது.

உங்களுக்கு வேண்டியவை இரண்டு. குடும்பத்துக்கு ஐந்து லட்சத்துக்கு ஒரு மருத்துவக் காப்பீடு; வருடம் 1,20,000 ரூபாய்க்கு மேல் வருமானம் இருப்பதால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உங்களுக்குக் கிடைக்காது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பது ஒரு வசதி. அப்புறம், சரல் சுரக்ஷா பீமா என்ற விபத்துக் காப்பீடு. எடுக்கும்போது தற்காலிக முழு இயலாமைக்கான பகுதியையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். கையில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாவிட்டால் வாரத்துக்குக் காப்பீட்டுத் தொகையில் 0.2 சதவீதம் தருவார்கள். பத்து லட்சத்துக்கு எடுத்தால் வாரம் 2,000. நோய்க்கு இது கிடையாது, விபத்துக்கு மட்டும். வங்கியில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த வாரப்பணம் இல்லை.

தை மாதச் சீருக்கு வருகிறேன். உங்கள் அக்கா மகளுக்குத் தாய்மாமன் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள், அதை நான் தடுக்கமாட்டேன். ஆனால் கையில் இருக்கும் பணத்தில் செய்யுங்கள். இன்றிலிருந்து மாதம் 4,000 ஒதுக்கி, தைக்குள் எவ்வளவு சேருமோ அதுதான் தொகை. அதை அக்காவிடமும் மச்சானிடமும் இந்த மாதமே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். பத்திரிகை அடித்த பிறகு சொன்னால்தான் மனஸ்தாபம் வரும். மூத்தவளுக்குச் செய்தது இளையவளுக்கு ஏன் இல்லை என்று கேட்டால், ஏழு வாரம் படுத்ததையும் அந்தக் கைக்கடனையும் மறைக்காமல் சொல்லுங்கள். வண்டிக்குக் கொடுத்த 70,000 எப்போது திரும்பும் என்பதையும் அன்றே மச்சானிடம் கேட்டுவிடுங்கள்.