கைவினைக் கத்தி வாங்கப்போகும் புதியவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: முதல் கத்தி வாங்கும்போது எந்த எஃகு என்பதைத்தானே முதலில் பார்க்க வேண்டும்?

பதில்: இல்லை. 1084 என்னும் கரிம எஃகின் ஒரே பட்டையை இரண்டு பேரிடம் கொடுத்தால், ஒருவர் செய்த கத்தி பல ஆண்டுகள் உழைக்கும். மற்றவர் செய்தது கீழே விழுந்தால் முனை ஒடியும். வேறுபாடு, கொல்லர்கள் தோய்ச்சல் என்று சொல்லும் வேலையில் இருக்கிறது. பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்த எஃகு கண்ணாடியைப் போல நொறுங்கக்கூடியது. அதை மீண்டும் ஏறத்தாழ 200 பாகை செல்சியஸில் இளக்கினால்தான் உறுதி வரும். அளவுக்கு மீறிக் காய்ச்சியிருந்தால் எஃகின் உள்ளே மணி (நுண்படிகம்) பருத்து அலகு எளிதில் ஒடியும், ஆனால் மெருகேற்றிய அலகில் அந்தக் குறை கண்ணுக்குத் தெரியாது. ஆகவே தோய்ச்சலைத் தாமே செய்கிறாரா, வெளியே கொடுக்கிறாரா (கொடுப்பதில் குறையொன்றுமில்லை), ராக்வெல் என்னும் அளவுகோலில் எஃகின் கடினத்தை அளந்தாரா என்று கேளுங்கள். தடுமாறாமல் பதில் சொல்பவரிடம் வாங்குங்கள்.

கேள்வி: கத்தி கைக்கு வந்ததும் எதைச் சோதிப்பது?

பதில்: கைப்பிடியைக் கண்ணருகே பிடித்து, அலகின் முதுகை முனை வரை ஒரே கோடாகப் பாருங்கள், வளைவு இருந்தால் உடனே தெரியும். பிறகு கூர் விளிம்பை மேலே திருப்பி, சாணை பிடித்த சரிவு இரு பக்கமும் ஒரே இடத்தில் தொடங்குகிறதா என்று கவனியுங்கள். விரல்காப்பு அலகோடு சேரும் இடத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள்: ஒரு மயிரிழை ஒளி ஊடுருவினாலும் அங்கே நீர் புகும். கைப்பிடி ஆணிகளின் மேல் நகத்தை ஓட்டினால் எங்கும் தட்டக்கூடாது. படத்தில் மின்னும் மெருகு இவற்றில் ஒன்றையும் காட்டாது.

கேள்வி: செய்பவர் முழுத்தொகையையும் முன்பணமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அரிய கைப்பிடிப் பொருளுக்காக ஒரு பகுதி கேட்பது நியாயம். முழுப்பணமும் செலவாகிவிட்ட பிறகு உங்கள் கத்தியை முடிக்க அவருக்கு அவசரம் இருக்காது. நான் ஒருமுறை அப்படிக் கொடுத்து, இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு மன்னிப்புக் கடிதத்தை மட்டும் பெற்றேன்.

கேள்வி: அலையலையான கோலத்தோடு டமாஸ்கஸ் என்று விற்கப்படும் எஃகு நம் பழைய உருக்குதானே?

பதில்: பெயர் ஒன்று, பொருள் வேறு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில் (உலோகம் உருக்கும் மண்கலத்தில்) உருக்கி எடுத்த உயர்கரிம எஃகே ‘வூட்ஸ்’ எனப்படும் அந்தப் பழைய உருக்கு. அதன் அலையோட்டம் எஃகுக்குள்ளேயே கரிமச் சேர்மங்கள் பட்டைபட்டையாகப் பிரிவதால் தோன்றுவது. இன்று விற்பனையாவதில் பெரும்பகுதி, 1084, 15என்20 போன்ற இரண்டு எஃகுகளை அடுக்கி, காய்ச்சி அடித்து ஒட்டியது. கோலம் தெரிய அமிலத்தில் தோய்க்கும்போது, 15என்20 அதிலுள்ள சுமார் 2 விழுக்காடு நிக்கலால் எளிதில் கறுக்காததால் அந்த அடுக்குகள் வெள்ளிக் கோடுகளாக நிற்கின்றன.

கேள்வி: அப்படியானால் இப்போதைய டமாஸ்கஸ் போலியா? மரபை மறுக்கிறீர்கள்!

பதில்: மறுக்கவில்லை, அடித்து ஒட்டுவதும் பழைய மரபுதான், ஐரோப்பிய வாள்களில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உண்டு. அமெரிக்காவில் 1973-இல் பில் மோரன் என்ற கத்திக்கொல்லர் அத்தகைய கத்திகளைக் காட்சிக்கு வைத்தபின் கைவினைஞரிடையே அதற்குப் புத்துயிர் வந்தது. 1976-இல் அமெரிக்கக் கத்திக்கொல்லர் சங்கம் உருவானதிலும் அவருக்கே முதற்பங்கு. போலி என்பது வெற்று எஃகின் மேல் கோலம் அரித்துக் காட்டுவது. கோலம் முதுகின் மேலும் தொடர்கிறதா என்று பாருங்கள். பக்கங்களில் மட்டும் இருந்தால் ஐயப்படுங்கள்.

கேள்வி: டமாஸ்கஸ், 52100, 154சிஎம் ஆகிய எஃகு வகைகளில் எது சிறந்தது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: தோலுறையிலேயே வைத்துப் பாதுகாக்கலாமா?

பதில்: கூடாது. பதனிட்ட தோல் ஈரத்தை இழுக்கும். அதிலுள்ள அமிலமும் உப்பும் அலகைப் புள்ளிபுள்ளியாக அரிக்கும். மெல்லிதாக எண்ணெய் தடவி, உறைக்கு வெளியே வையுங்கள்.

கேள்வி: தந்தக் கைப்பிடி வாங்கலாமா?

பதில்: அது சட்டக் கேள்வி. உங்கள் நாட்டு வனவிலங்குத் துறையிடம் கேளுங்கள்.

கேள்வி: பெயர்பெற்ற கலைஞர் என்றால் முழு முன்பணம் கொடுக்கலாம் அல்லவா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். பெயர்பெற்றவர்களில் பலர், கத்தி முடிந்த பிறகே பணம் வாங்குகிறார்கள்.