கூட்டுத் தயாரிப்பு, வெளிநாட்டுப் பணம், உரிமை: பாலக்காடு எல்லைக் கேள்வி பதில்

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கோவிந்தாபுரம் பக்கம் படமும் ஆவணப்படமும் எடுப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒப்பந்தம், உரிமை, டெலிவரி பற்றிக் கேட்டால் விரிவாகச் சொல்வேன். கதையைப் படித்து அபிப்பிராயம் கேட்பவர்கள் வேறு ஆளைப் பாருங்கள்.

சித்தூர்: ஏனுங்ணா, ஒரு பிரெஞ்சு கம்பெனி எங்க படத்துல பங்கு போட வர்றாங்க. 'அதிகாரப்பூர்வக் கூட்டுத் தயாரிப்பு' ஆகணும்னா என்னென்ன செய்யோணும்?

இரண்டு கம்பெனி கையெழுத்துப் போட்டால் அது கூட்டு வியாபாரம், அவ்வளவுதான். இரண்டு அரசும் ஒப்புதல் தந்தால்தான் அதிகாரப்பூர்வம். பிரான்ஸ், பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி, கனடா உட்படப் பல நாடுகளோடு இந்தியாவுக்கு இதற்கான உடன்படிக்கை இருக்கிறது. நம் பக்கத்து விண்ணப்பம் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தில் (என்.எஃப்.டி.சி.) உள்ள இந்தியா சினி ஹப் (முன்பு திரைப்பட வசதி அலுவலகம்) வழியாகத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்குப் போகும். திரைக்கதை, நாடுவாரியாகப் பிரித்த பட்ஜெட், பணம் எங்கிருந்து வருகிறது என்ற திட்டம், குழுவினரின் பெயரும் குடியுரிமையும், இரு தரப்பு ஒப்பந்தம், கதை உரிமைப் பத்திரங்கள் எல்லாம் வேண்டும்.

வழக்கமாகச் சின்னப் பங்குதாரர் 20 சதவீதமாவது போட வேண்டும். பணத்தில் 30 என்று எழுதிவிட்டு, குழுவில் அந்த நாட்டு ஆள் ஒருவர்தான் என்றால் விண்ணப்பம் அங்கேயே மாட்டும். பணப் பங்கும் கலை, தொழில்நுட்பப் பங்கும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். மூன்றாவது நாட்டிலிருந்து ஒளிப்பதிவாளரைக் கூட்டி வருவதானால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

ஒப்புதல் கிடைத்தால் படம் இரண்டு நாட்டிலும் சொந்த நாட்டுப் படம். பிரெஞ்சுக்காரர் தம் நாட்டு நிதியைக் கேட்கலாம். இந்தியாவில் 2023 நவம்பரில் கோவா சர்வதேசத் திரைப்பட விழாவில் அறிவித்தபடி, இங்கே செலவழித்ததில் 40 சதவீதம் வரை, அதிகபட்சம் 30 கோடி ரூபாய் ஊக்கத்தொகை. இந்திய உள்ளடக்கம் கணிசமாக இருந்தால் இன்னும் 5 சதவீதம். விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள விதியைப் படித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். இது செலவழித்த பிறகு, கணக்குத் தணிக்கைக்குப் பிறகு திரும்ப வரும் பணம். அதை நம்பிக் கடன் வாங்கினால் காத்திருக்கும் மாதங்களின் வட்டியையும் பட்ஜெட்டில் எழுதியாக வேண்டும்.

கொல்லங்கோடு: எழுத்தாளர்கிட்ட 'எல்லா உரிமையும் தந்துவிட்டேன்'னு ஒரே வரியில கையெழுத்து வாங்கியிருக்கேன். போதுங்களா?

போதாது. இந்தப் பதிலை எல்லாருமே படியுங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டுக்குத்தான் கிடைக்கும். எல்லை எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது காலாவதி. வெளிநாட்டு வக்கீல் முதலில் கேட்பது, எழுத்தாளரிடமிருந்து உங்கள் கைக்கு உரிமை வந்த இந்தப் பத்திரச் சங்கிலியைத்தான். ஒரு கண்ணி அறுந்திருந்தால் ஒப்பந்தமே நிற்காது.

எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, உலகம் முழுவதுமா, எத்தனை ஆண்டு, எவ்வளவு பணம், ஓராண்டு விதி பொருந்தாது என்ற வரி: இத்தனையும் பத்திரத்தில் வேண்டும். பாடலாசிரியர், இசையமைப்பாளரின் ராயல்டிப் பங்கை 2012 திருத்தத்துக்குப் பிறகு எழுதி வாங்கிவிட முடியாது. அதையும் பங்குதாரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மீனாட்சிபுரம்: விழாவுக்கு அனுப்பின டிசிபி அங்க சர்வர்ல ஏறவே இல்லீங்க. இங்க நல்லா ஓடுச்சு.

டிசிபி என்பது தியேட்டர் சர்வரில் ஏற்றும் டிஜிட்டல் படத் தொகுப்பு. அது ஏறாததற்குப் பெரும்பாலும் டிஸ்க்கின் வடிவம்தான் காரணம். டிஸ்க்கை ஃபார்மட் செய்யும்போது ஒரே பார்ட்டிஷன், ஈஎக்ஸ்டி2 அல்லது ஈஎக்ஸ்டி3 என்ற லினக்ஸ் வடிவம், அதில் ஐநோட் (ஃபைல் விவரக் குறிப்பு) அளவு 128. கம்ப்யூட்டர் தானாகப் போடும் 256இல் பழைய சர்வர்கள் டிஸ்க்கையே பார்க்காது. ஃபைல் பெயரை மாற்றாதீர்கள். டிசிபிக்குள் உள்ள பேக்கிங் லிஸ்டில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஹாஷ் என்ற சரிபார்ப்பு எண் இருக்கிறது; காப்பி பிசகினால் சர்வர் மறுத்துவிடும். காப்பி எடுத்த டிஸ்க்கிலேயே ஹாஷ் சரிபார்த்த பிறகு பெட்டியில் வையுங்கள்.

2கே ஸ்கோப் 2048×858, ஃப்ளாட் 1998×1080. ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். விழா கேட்டாலொழிய என்கிரிப்ஷன் (டிஜிட்டல் பூட்டு) வேண்டாம். பூட்டினால் அதைத் திறக்கும் கேடிஎம் என்ற டிஜிட்டல் சாவி அந்த ஒரு சர்வருக்கும் குறித்த நேரத்துக்கும் மட்டும்தான் திறக்கும். கடைசி நேரத்தில் தியேட்டரை மாற்றினால் திரை இருட்டு.

ஒழலப்பதி: 24 ஃபிரேமா, 25ஆ?

தியேட்டர் என்றால் 24. ஐரோப்பிய டிவி பங்குதாரர் என்றால் 25ஐ ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் விளக்கடியில் 24இல் எடுத்தால், மினுக்கல் வராமல் இருக்கக் கேமராவின் ஷட்டர் கோணம் 172.8 டிகிரி.

முதலமடை: பரம்பிக்குளத்துல வெளிநாட்டு யூனிட்டோட ஷூட்டிங். ட்ரோன் அவங்களே கொண்டு வர்றாங்களாம்.

வேண்டாமென்று இன்றே சொல்லுங்கள். 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது. விமான நிலையத்திலேயே நிறுத்துவார்கள். இங்குள்ள பதிவு பெற்ற ட்ரோனையும் பைலட்டையும் வாடகைக்கு எடுங்கள். புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதி தனி. அனுமதியில்லாமல் சேட்டிலைட் ஃபோனும் கூடாது.

பரம்பிக்குளம் கேரளம், ஆனால் வண்டிப் பாதை சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத் தமிழ்நாட்டு ஆனைமலைக் காப்பகத்துக்குள் போகிறது. இரண்டு மாநில வனத்துறைக்கும் வண்டி எண்களோடு எழுதுங்கள். கேமரா, லென்ஸ் எல்லாம் ஏடிஏ கார்னெட் என்ற தற்காலிகச் சுங்கப் பத்திரத்தில் சீரியல் எண்ணோடு வரட்டும். செலவாகித் தீரும் சாமான்கள் அதில் சேராது. டூரிஸ்ட் விசாவில் படப்பிடிப்பு நடத்தக் கூடாது. கதைப்படத்துக்கு ஃபிலிம் விசா. ஆவணப்படம் என்றால் இந்தியத் தூதரகத்தின் வழியாக வேறு நடைமுறை.

வேலந்தாவளம், லொகேஷன் மேனேஜர்: நீங்க உரிமை உரிமைங்கறீங்க. வெளி யூனிட் ஒண்ணு வந்தா லாட்ஜ், வேன், மெஸ், லைட்மேன், எல்லாருக்கும் கூலி. தொழில் வளர்றது அதுலதானுங்ணா?

கூலி வரும், மறுக்கவில்லை. ஆனால் யூனிட் கிளம்பியதும் கூலி நின்றுவிடும். படம் இருபது வருடம் விற்றாலும் இங்கே ஒரு ரூபாய் திரும்பி வராது. நியூசிலாந்தைப் பாருங்கள். வெளிநாட்டுப் படத்துக்கு அங்கே செலவழித்ததில் 20 சதவீதம் ஊக்கத்தொகை, தகுதி பெற்றால் இன்னும் 5. தம் நாட்டுப் படத்துக்கோ 40. வெளிநாட்டுப் பெரும் படங்களால் பேர் வாங்கிய நாடே சொந்தப் படத்துக்கு அதிக விழுக்காடு வைத்திருக்கிறது. பிரான்ஸ் சினிமா டிக்கெட்டில் 10.72 சதவீதம் வரி பிடித்து, அந்தப் பணத்தைத் திரும்பச் சினிமாவுக்கே விடுகிறது.

வேலந்தாவளம்: அது பணக்கார நாடுங்க. அடுத்த மாசம் லைட்மேன் என்ன பண்ணுவார்?

கோவிந்தாபுரம்: அவர் சொல்றது சரிதானுங்க. உரிமை கேட்டா யூனிட் வேற ஊருக்குப் போயிரும்.

முழு உரிமை கேட்டால் போகும். அதனால் துண்டு கேளுங்கள். கூலியை வாங்குங்கள், ஆட்களின் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். உங்கள் கம்பெனியின் சர்வீஸ் கட்டணத்தில் மட்டும் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, பதிலுக்குத் தமிழ், மலையாள டப்பிங் உரிமையைக் கேளுங்கள். அந்த மொழிகளை விற்க அவர்களிடம் பெரும்பாலும் ஆள் இருக்காது, அதனால் விலை குறையும். கேரள அரசின் ஓடிடி தளமான சி ஸ்பேஸ் 2024 மார்ச்சில் தொடங்கியது. பார்த்த அளவுக்குக் காசு என்ற முறை. இப்படிப்பட்ட சின்னச் சந்தையில்கூட உரிமை உள்ளவர்தான் கடை போட முடியும். கூடவே, எந்தத் துறையில் எத்தனை உள்ளூர் உதவியாளர் என்று எண்ணோடு எழுதுங்கள். 'உள்ளூர் ஆட்களுக்கு வாய்ப்பு' என்று மட்டும் எழுதினால் ஒரு பயலும் உள்ளே போக முடியாது.

வேலந்தாவளம்: டப்பிங் உரிமை வாங்கினா மட்டும் போதுங்களா?

நல்ல கேள்வி. எம் அண்ட் இ டிராக்கையும் ஒப்பந்தத்தில் பெயர் சொல்லிக் கேளுங்கள். வசனம் இல்லாமல் இசையும் சத்தமும் மட்டும் உள்ள டிராக் அது. படப்பிடிப்பு இடத்திலேயே பதிந்த ஒலியில் (ஸ்பாட் சவுண்ட்) வசனத்தை நீக்கினால் காலடிச் சத்தமும் அந்த இடத்தின் பின்னணி ஒலியும் (ரூம் டோன்) சேர்ந்தே போய்விடும். அந்தச் சத்தங்களை ஸ்டூடியோவில் புதிதாகப் பதிந்து (ஃபோலி) நிரப்பியதா என்று வசன இடங்களைக் கேட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எருத்தேம்பதி: ஏஐ டப்பிங் வந்தாச்சே, இனி ஆர்ட்டிஸ்ட் எதுக்குங்க?

குரலை நகலெடுக்க அந்த நடிகரின் தனி எழுத்துச் சம்மதம் வேண்டும். பழைய ஒப்பந்தத்தில் அது இருக்காது. கேட்காமல் செய்தால் விநியோகஸ்தர் வாங்கப் பயப்படுவார். ஏஐயை முதல் வரைவுக்கும் உதட்டு நேரம் பார்க்கவும் பயன்படுத்துங்கள். பாலக்காட்டுத் தமிழின் இழுவை அதற்கு வராது.

நெம்மாறை: எல்ஈடி சுவர் வாடகைக்கு எடுக்கலாமா?

பின்னணிக் காட்சியை ஓடவிடும் அந்தத் திரைச் சுவரைக் கார் காட்சிக்கு எடுக்கலாம். பிக்சல் பிட்ச் (சுவரின் விளக்குப் புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம்) எத்தனை மில்லிமீட்டரோ, குறைந்தது அத்தனை மீட்டர் தள்ளிக் கேமரா. கேமராவோடு நேரம் ஒத்து ஓடும் வசதி (ஜென்லாக்) இல்லாத சுவர் வேண்டாம், கோடு விழும்.

வடகரப்பதி: கதை வாங்கிட்டேன், பத்திரத்துல வருஷம் போடலீங்க...

கொல்லங்கோடு பதில். 19ஆம் பிரிவு. இன்றைக்கே புதுப் பத்திரம்.

பெருமாட்டி: வெளிநாட்டுத் தயாரிப்பாளர் நம்பர் கிடைக்குமாங்க?

நம்பர் தருவதில்லை. நவம்பரில் கோவாவில் வேவ்ஸ் ஃபிலிம் பஜார் (முன்பு ஃபிலிம் பஜார்) என்ற திரைப்படச் சந்தை நடக்கும். அதன் கூட்டுத் தயாரிப்புச் சந்தைக்கு விண்ணப்பியுங்கள்.

நல்லேப்பிள்ளி: யூடியூப்ல வருமானம்...

என் துறை இல்லை.

கொழிஞ்சாம்பாறை: ஜெர்மன் பங்குதாரர் உறுதி ஆயிட்டார். ஷூட்டிங் மூணு நாள் முடிஞ்சிருச்சு. இனிமே ஒப்புதலுக்குப் போடலாங்களா?

படப்பிடிப்புக்கு முன் வாங்க வேண்டிய ஒப்புதல் அது. இதோடு நிறுத்திவிட்டு, எடுத்ததை என்ன செய்வது என்று ஒப்புதல் தரும் ஜெர்மன் அதிகாரியிடமும் நம் இந்தியா சினி ஹப்பிடமும் எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை நான்காவது நாள் கேமரா வைக்காதீர்கள்.